பீங்கான் கோப்பையும் நீச்சல் அணியும்

உங்கள் வீட்டில் பீங்கான் கோப்பை ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வையுங்கள். உடைந்த பீங்கான் சில்லு ஒன்றும் வேண்டும். விருத்தாசலத்தில் இருப்பவர்களுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால், சூளையில் வெடித்துக் கழிக்கப்பட்ட துண்டுகள் காலடியில் கிடக்கும்.

முதலில் சில்லைத் தண்ணீரில் போடுங்கள். நேரே அடிக்குச் சென்றுவிடும். பீங்கானின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். அது மூழ்குவதில் வியப்பில்லை. இப்போது கோப்பையை நிமிர்த்தி, நீர்ப்பரப்பின்மேல் மெல்ல வையுங்கள். அதே பீங்கான்தான், ஆனால் கோப்பை மிதக்கிறது. காரணம், கோப்பைக்குள் இருக்கும் வெற்றிடம். கோப்பையின் எடை 200 கிராம் என்றும், விளிம்புவரை அதன் வெளிப்புறக் கொள்ளளவு 300 கன சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். 200 கன சென்டிமீட்டர் நீரை விலக்கும் அளவுக்கு அமிழ்ந்ததும் கோப்பை நின்றுவிடும். அது விலக்கிய நீரின் எடையும் கோப்பையின் எடையும் அப்போது சமம். இதுவே ஆர்க்கிமிடீஸ் தத்துவம்.

இனி, கோப்பைக்குள் சிறிது சிறிதாக நீர் ஊற்றுங்கள். நம் கணக்குப்படி 100 மில்லிலிட்டரைத் தாண்டியதும் கோப்பை மூழ்கிவிடும். கவனியுங்கள்: கோப்பை நிரம்பவே இல்லை, ஏறக்குறையப் பாதிதான் நிரம்பியிருக்கிறது. ஆயினும் மூழ்கிவிட்டது. மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இந்தக் கோப்பைக்கும் நீச்சலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. கல்லூரியில் மிதப்பு விசை பற்றிய பாடம் நடத்தும்போதெல்லாம், “உங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?” என்று கேட்பது என் வழக்கம். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பிழையின்றி ஒப்பிப்பவர்களில் பலர் கை தூக்குவதில்லை. தத்துவம் தேர்வுத்தாளில் மிதக்கிறது. மாணவர் ஆற்றில் மூழ்குகிறார். பள்ளி நீச்சல் அணிக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் என்ன செய்கிறார், அவருடைய ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் உள்ள இயற்பியல் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம். போட்டியில் பதக்கம் வாங்கித் தரும் பாடமும் ஆற்றில் உயிரைக் காக்கும் பாடமும் ஒரே இடத்தில் தொடங்குவதையும் பார்ப்போம்.

மூச்சே மிதவை

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியோடு ஏறக்குறைய ஒத்தது. எலும்பும் தசையும் நீரைவிடச் சற்றுக் கனமானவை. கொழுப்பு சற்று இலேசானது. இவற்றோடு நுரையீரலில் உள்ள காற்றும் சேர்கிறது. நம் உடலாகிய கோப்பையின் வெற்றிடம் அதுதான்.

50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். மூச்சை நன்றாக வெளியே விட்டபின் அவர் உடலின் பருமன் 49 லிட்டர் என்க. முழுவதும் நீரில் இருந்தாலும் அவரால் 49 லிட்டர் நீரைத்தான் விலக்க முடியும். அவரைத் தாங்க 50 லிட்டர் வேண்டும். ஒரு கிலோகிராம் குறைகிறது. அவர் மெல்ல அமிழ்வார். இப்போது நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கட்டும். உள்ளே போகும் காற்று சுமார் 3 லிட்டர். உடலின் பருமன் 52 லிட்டர் ஆகிறது. 50 லிட்டர் அமிழ்ந்தாலே போதும். மீதி 2 லிட்டர் பருமன் நீருக்கு வெளியே நிற்கும்.

அந்த 2 லிட்டரில் உடலின் எந்தப் பகுதியை வெளியே வைப்பது என்பதே கேள்வி. தலையின் பருமன் ஏறக்குறைய 4 லிட்டர். ஆகவே கைகால் அசைக்காமல் தலை முழுவதையும் வெளியே நிறுத்த முடியாது. பாதித் தலையை நிறுத்தலாம். மல்லாந்து படுத்து, காது நீரில் நனையும்படி தலையைப் பின்னால் சாய்த்தால், வெளியே நிற்கும் பகுதி முகமாக இருக்கும். மூக்கும் வாயும் காற்றில் இருக்கும். உயிர் வாழ அது போதும்.

நீந்தத் தெரியாதவர் தண்ணீரில் விழுந்ததும் என்ன செய்கிறார்? தலையை முழுவதும் தூக்கப் பார்க்கிறார். இரு கைகளையும் மேலே உயர்த்தி உதவி கேட்கிறார். ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் இருபதில் ஒரு பங்கு. நம் மாணவருக்கு இரு கைகளும் சேர்ந்து 5 கிலோகிராம் அளவு இருக்கும். அவை நீருக்குள் இருந்தவரை அவற்றை நீரே தாங்கியது. மேலே தூக்கியதும் அந்த 5 கிலோகிராமையும் மற்ற உடல்தான் தாங்க வேண்டும். கையிருப்போ 2 கிலோகிராம்தான். விளைவு, தலை அமிழ்கிறது. அலறும்போது மூச்சுக் காற்றும் வெளியேறிவிடுகிறது. பாதிக் கோப்பை நீர் ஊற்றிய கணக்குத்தான் இதுவும்.

எல்லோர் உடலும் ஒன்றுபோல் மிதப்பதில்லை. ஒல்லியான, தசைப்பற்று மிகுந்த சிறுவனுக்குக் கையிருப்பு இன்னும் குறைவாக இருக்கும். அவன் கைகளை நீருக்குள்ளேயே வைத்து மெல்ல அளைந்துகொண்டிருக்க வேண்டும். கடல் நீரின் அடர்த்தி நன்னீரைவிட 2.5 விழுக்காடு அதிகம். ஆகவே கடலில் 50 கிலோகிராம் உடலுக்கு ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட கூடுதல் தாங்கல் கிடைக்கிறது. ஏரியைவிடக் கடலில் மிதப்பது எளிது என்று சொல்வது இதனால்தான். அலையும் இழுப்பும் வேறு கதை.

நம் கிராமங்களில் கிணற்றில் நீச்சல் பழக்கும் பெரியவர்கள், பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவார்கள். சில இடங்களில் வாழைத்தண்டும், பின்னாளில் லாரி டியூபும் அந்த வேலையைச் செய்தன. கையிருப்பை 2 லிட்டரிலிருந்து 5, 6 லிட்டராக உயர்த்தும் வழி அது. பயம் நீங்கிப் பிள்ளை மூச்சை ஒழுங்காக விடப் பழகியதும் குடுக்கையை அவிழ்த்துவிடுவார்கள்.

தலை ஏறினால் கால் இறங்கும்

மிதக்கப் பழகிய மாணவர்கள் நீச்சல் அணிக்கு வருகிறார்கள். குப்புறப் படுத்து நீந்தத் தொடங்கியதும் பயிற்சியாளர் இடைவிடாமல் சொல்வது ஒன்றுதான்: “தலையைத் தூக்காதே!” ஏன்?

உடலின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் செயற்படுவதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். தொப்புளுக்கு அருகே இருக்கிறது. மிதப்பு விசைக்கும் ஒரு மையம் உண்டு. காற்று நிறைந்த நுரையீரல் மார்பில் இருப்பதால், மிதப்பு மையம் ஈர்ப்பு மையத்தைவிடச் சற்றுத் தலைப்பக்கமாக அமைகிறது. ஒரு விசை மார்பை மேலே தள்ளுகிறது; மற்றொன்று இடுப்பைக் கீழே இழுக்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாததால் உடல் சுழல்கிறது. கால்கள் தாழ்கின்றன.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கைகளைத் தலைக்கு முன்னே நீட்டுவது. அப்போது கைகளின் எடை முன்னே செல்வதால் ஈர்ப்பு மையமும் தலைப்பக்கம் நகர்கிறது; இரு மையங்களும் நெருங்குகின்றன. ஏற்றப்பலகை விளையாட்டில் ஒருவர் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்வதைப் போன்றது இது. மற்றொன்று, தலையை நீருக்குள் வைத்துக் குளத்தின் தரையைப் பார்ப்பது. தலையைத் தூக்கினால் சுமார் 4 கிலோகிராம் எடை நீரின் தாங்கலை இழந்து நிற்கும். அதை ஈடுகட்ட உடலின் மறுமுனையான கால்கள் இறங்கும்.

கால் இறங்கினால் என்ன நட்டம்? 1.7 மீட்டர் நீளமுள்ள ஓர் உடல் 10 பாகை சாய்ந்தாலே கால் முனை 30 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். அம்பு போல் செல்ல வேண்டிய உடல் கதவு போல் நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும். நீந்துபவர் தன் வலிமையை முன்னேறுவதற்குச் செலவிடாமல் நீரோடு மல்லுக்கு நிற்பதற்கே செலவிடுவார்.

வேகத்தின் விலை

நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப்போல் 800 மடங்குக்கும் மேல். ஆகவே ஓடுபவர் பெரிதாகப் பொருட்படுத்தாத தடை விசை, நீந்துபவருக்கு முதல் எதிரி. இந்தத் தடை விசை வேகத்தின் இருமடியைச் சார்ந்து வளர்கிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை எதிர்த்து விநாடிதோறும் செய்யவேண்டிய வேலை, அதாவது திறன், வேகத்தின் மும்மடியாக, எட்டு மடங்காகும்.

ஒரு மாணவி தன் வேகத்தை 10 விழுக்காடு மட்டும் உயர்த்த விரும்புகிறாள் என்க. 1.1-ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள்: 1.33 வரும். 10 விழுக்காடு வேகத்துக்கு 33 விழுக்காடு கூடுதல் திறன் தேவை! ஒரு பருவப் பயிற்சியில் தசையின் திறனை அவ்வளவு உயர்த்துவது கடினம். ஆனால் தாழ்ந்த கால்களை உயர்த்தித் தடையைக் குறைப்பது சில வாரங்களில் முடியும். நல்ல பயிற்சியாளர் முதலில் தடையைக் குறைத்துவிட்டுப் பிறகே வலிமையைக் கூட்டுவார்.

இதை இரண்டு உண்மை எண்களால் விளக்கலாம். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டர் பிரீஸ்டைல் தூரத்தை 46.40 விநாடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார். சராசரி வேகம் விநாடிக்கு 2.15 மீட்டர், மணிக்கு 7.8 கிலோமீட்டர்கூட இல்லை. நம்மூர்க் கடைத்தெருவில் சைக்கிளில் நிதானமாகப் போகும் பெரியவர் அவரை முந்திவிடுவார். நீர் எவ்வளவு கடுமையான ஊடகம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது எண் நம் அருகில் உள்ள பாக் நீரிணையைச் சேர்ந்தது. 2022 மார்ச் 20 அன்று, ஆட்டிசம் உடைய 13 வயது மும்பைச் சிறுமி ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை சுமார் 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தாள். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 2.2 கிலோமீட்டர், விநாடிக்கு 0.61 மீட்டர். நாம் நடக்கும் வேகத்தில் பாதியும் இல்லை. பான் ஜான்லேயின் வேகம் இதைப்போல் மூன்றரை மடங்கு. ஒரே உடல் இந்த இரு வேகங்களிலும் நீந்துவதாகக் கொண்டால், தேவைப்படும் திறன் மூன்றரையின் மும்மடி, அதாவது நாற்பது மடங்குக்கும் மேல் வேறுபடும். முன்னது ஒரு நிமிடத்துக்குள் முடியும் முயற்சி. பின்னது ஒரு பகல் முழுவதும் தொடரக்கூடியது. மெதுவாக, தடை குறைந்த நிலையில், சீராக நீந்தினால் ஒரு சிறுமியால் கடலைக் கடக்க முடிகிறது.

பாக் நீரிணை நீச்சலுக்குத் தமிழரிடையே நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-இல் அதைக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் இலங்கைக் கரையிலிருந்து தமிழகக் கரைக்கும், மீண்டும் அங்கிருந்து இலங்கைக்கும் 51 மணி நேரத்தில் நீந்தினார். வங்காளத்தின் மிகிர் சென் 1966-இல் பாக் நீரிணை உள்ளிட்ட ஐந்து நீர்வழிகளை ஒரே ஆண்டில் கடந்தார். தமிழகச் சிறுவர் குற்றாலீசுவரன், பயிற்சியாளர் கே. எஸ். இளங்கோவனிடம் பயின்று, 1994-இல் 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்தார். அதே ஆண்டில் ஆறு நீர்வழிகளை நீந்தி மிகிர் சென்னின் எண்ணிக்கையைத் தாண்டினார். 12 வயதுச் சிறுவனின் தசை வலிமை எவ்வளவு இருக்கும்? அவனைக் கரை சேர்த்ததில் உடல் நிலைக்கும் சீரான கைவீச்சுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

துடுப்பு ஏன் அகலமாக இருக்கிறது?

தடையைக் குறைத்தாயிற்று, இனி முன்னே செல்ல வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே துணைக்கு வருகிறது. நீரை நாம் பின்னே தள்ளினால் நீர் நம்மை முன்னே தள்ளும். ஆனால் எப்படித் தள்ளுவது?

ஒரு வீச்சில் 1 கிலோகிராம் நீரை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளுவதாகக் கொள்வோம். அதனால் கிடைக்கும் உந்தம் 2 அலகு. அதற்குச் செலவாகும் இயக்க ஆற்றல், அரைப்பங்கு நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்க, 2 ஜூல். மாறாக, 2 கிலோகிராம் நீரை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தள்ளினால்? உந்தம் அதே 2 அலகு. ஆற்றலோ 1 ஜூல்தான். முன்னே செல்லும் பயன் ஒன்றே, செலவு பாதி. ஆகவே கொஞ்சம் நீரை விருட்டென்று அடிப்பதைவிட, நிறைய நீரை நிதானமாகத் தள்ளுவதே சிக்கனம். மீனவரின் துடுப்பு அகலமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நீந்துபவருக்குத் துடுப்பு எது? உள்ளங்கை மட்டும் என்று நினைக்கிறோம். முழங்கையை உயர்த்தி, முன்கையைச் செங்குத்தாக இறக்கினால், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை முழுவதுமே துடுப்பாகிவிடும். “முழங்கையை மேலே வை” என்று பயிற்சியாளர் சொல்வது இதற்காகத்தான். முழங்கை தொங்கிப்போனால் கை நீரைக் கீழே அழுத்துமே தவிரப் பின்னே தள்ளாது.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கௌன்சில்மன் என்ற பயிற்சியாளர் இருந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கப் பதக்கங்கள் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயின்றவர். கௌன்சில்மன் நீருக்கடியில் படம் பிடித்துத் தம் வீரர்களின் கையசைவை ஆராய்ந்தார். கை நேராகப் பின்னே செல்லாமல் வளைந்து வளைந்து செல்வதைக் கண்டார். விமான இறக்கையைப் போல் கையும் ஏற்றவிசையைப் பயன்படுத்துகிறது என்று விளக்கினார். பின்னாளில் வந்த அளவீடுகள், நீரை நேரே பின்தள்ளுவதற்கே கூடுதல் பங்கு உண்டு என்று காட்டின. விளக்கம் திருத்தப்பட்டது, ஆனால் நீருக்கடியில் நடப்பதைப் பார்த்து அளந்த பிறகே பாடம் சொல்ல வேண்டும் என்ற அவருடைய முறை நிலைத்துவிட்டது.

பள்ளி அணியின் பயிற்சியாளருக்குப் படக்கருவி இல்லாவிட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகமும் நிறுத்து கடிகாரமும் போதும். வேகம் என்பது ஒரு கைவீச்சில் கடக்கும் தூரத்தையும், விநாடிக்கு எத்தனை வீச்சு என்பதையும் பெருக்கிக் கிடைப்பது. 25 மீட்டர் நீளத்தை இரு மாணவர்கள் 25 விநாடிகளில் கடக்கிறார்கள் என்க. ஒருவர் 30 வீச்சு. மற்றவர் 20 வீச்சு. கடிகாரத்துக்கு இருவரும் சமம். ஆனால் முதலாமவர் வீச்சுக்கு 83 சென்டிமீட்டரும், இரண்டாமவர் 1.25 மீட்டரும் முன்னேறுகின்றனர். போட்டி 25 மீட்டரோடு முடிந்தால் தெரியாது. 200 மீட்டர் என்றால் முதலாமவர் முன்னதாகக் களைத்துவிடுவார். களைத்ததும் முழங்கை தொங்கும், தலை ஏறும், கால் இறங்கும், தடை கூடும். இதனால்தான் 400 மீட்டரை ஒரே மூச்சில் நீந்தச் சொல்லாமல், எட்டு 50 மீட்டர்களாகப் பிரித்து, இடையிடையே சிறிது ஓய்வு கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். களைப்பில் கெட்ட பழக்கம் படிந்துவிடாமல் அந்த ஓய்வு காக்கிறது.

மூச்சுப் பந்தயம் வேண்டாம்

அணியில் சேர்ந்த சிறுவர்கள் பயிற்சியாளர் கண்ணில் படாதபோது ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு: நீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது? இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டும்.

மூச்சை அடக்கும்போது “இனி முடியாது, மேலே வா” என்று நம்மை உந்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அன்று. இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். நீரில் மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடு மிகவும் குறைந்துவிடுகிறது. ஆக்சிஜனின் சேமிப்போ அவ்வளவாகக் கூடுவதில்லை. நீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போகும். எச்சரிக்கை மணியோ ஒலிக்காது. மூச்சுத்திணறலே தோன்றாமல் சிறுவன் மயங்கிவிடுவான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு இறந்திருக்கிறார்கள்.

குளம் வேறு, ஆறு வேறு

நீச்சல் குளத்தில் கற்றவர் ஆற்றை எளிதாக எண்ணிவிடக் கூடாது. எங்கள் மணிமுத்தாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் திடீரென்று வெள்ளம் வரும். வறண்ட நாளில் கிரிக்கெட் ஆடிய இடம்தானே என்று பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள்.

தடை விசை வேகத்தின் இருமடி என்றோம். நாம் நின்று நீர் ஓடினாலும் அதே விதிதான். இடுப்பளவு நீரில் நிற்பவர்மீது விநாடிக்கு 1 மீட்டர் வேகமுள்ள நீரோட்டம் தரும் தள்ளுவிசை, தோராயமாக 15 கிலோகிராம் எடைக்குச் சமம். சமாளிக்கலாம். நீரோட்டம் விநாடிக்கு 2 மீட்டர் ஆனால் அது 60 கிலோகிராம் ஆகிவிடும். மேலும் இடுப்புவரை நீரில் நிற்கும்போது உடலின் எடையில் ஏறக்குறையப் பாதியை நீரே தாங்கிக்கொள்கிறது. கால் தரையில் ஊன்றும் பிடிப்பு குறைந்துவிடுகிறது. தள்ளுவது நான்கு மடங்கு, பிடிப்பது பாதி. பலசாலியும் அடித்துச் செல்லப்படுவது இதனால்தான். மணல் அள்ளிய பள்ளமும், தடுப்பணை ஓரத்தின் திடீர் ஆழமும் இதோடு சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

2022 ஜூன் 5 அன்று எங்கள் கடலூர் மாவட்டத்தில், நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் குளிக்கச் சென்ற சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தனர். அச்செய்தியைப் படித்த எவரும் அதை எளிதில் மறக்க முடியாது. இந்தியாவில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். உலகில் 5 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் நீரில் மூழ்குவது மூன்றாவது இடத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஒருவர் மூழ்கும்போது அவரைக் காக்க மற்றொருவர் குதிப்பதால் பல உயிர்கள் சேர்ந்தே போகின்றன. மூழ்குபவர் கைக்கு அகப்பட்டதை அழுத்தித் தாம் மேலே வரப் பார்ப்பார். அவருடைய கையிருப்பும் 2 லிட்டர், உங்களுடையதும் அவ்வளவே. ஆகவே கரையில் நின்றபடியே உதவுங்கள். நீண்ட கழி, கயிறு, முடிச்சிட்ட சேலை எதையாவது நீட்டுங்கள். மூடியிட்ட காலி பிளாஸ்டிக் கேனை எறியுங்கள். 10 லிட்டர் கேன் சுமார் 10 கிலோகிராம் தாங்கும். தலையும் இரு கைகளும் நீருக்கு வெளியே இருந்தாலும் அதைப் பற்றியவர் மூழ்கமாட்டார் என்பதை மேலே கண்ட கணக்கிலிருந்து நீங்களே சரிபார்க்கலாம்.

எங்கே தொடங்குவது?

சென்னையில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் பெரிய நீச்சல் வளாகம் கட்டப்பட்டது. அத்தகைய குளம் எல்லா ஊருக்கும் கிடைக்காது. ஆனால் குளம் இல்லை என்பதால் கற்பிக்காமல் இருக்கவும் வேண்டியதில்லை. வங்காளதேசத்தில் கிராமத்துக் குளங்களுக்குள்ளேயே மூங்கிலால் மேடையும் அடைப்பும் கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும்; 30 விநாடி மிதக்க வேண்டும்; மற்றவரைக் கரையிலிருந்து காக்கத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் பாடத்திட்டம். இப்பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது பெரிதும் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின.

நம் பள்ளியில் நீச்சல் அணி அமைக்க விரும்பும் ஆசிரியரும் இதே வரிசையைக் கைக்கொள்ளலாம். இடுப்பளவு ஆழமுள்ள, தரை தெரிந்த, ஓட்டமில்லாத நீர். கரையில் நீந்தத் தெரிந்த பெரியவர். கைக்கெட்டும் தூரத்தில் கயிறும் கேனும். முதல் நாள், முகத்தை நீரில் வைத்து மூச்சை விடுவது. அடுத்து மல்லாந்து மிதப்பது. அதன்பின் கைகளை நீட்டிக் குப்புற வழுக்கிச் செல்வது. பிறகே கைவீச்சு, காலடி, வேகம், போட்டி. இந்த வரிசையில் முதல் மூன்றோடு நின்றுவிடும் மாணவர் அணியில் இடம்பெறாமல் போகலாம். ஆற்றில் தவறி விழுந்தால் பிழைத்துக்கொள்வார்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதும் நாளில் ஒரு வாளி நீரும் ஒரு பீங்கான் கோப்பையும் வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். கோப்பை பாதி நிரம்பும்போதே மூழ்குவதை மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அதே மூச்சில் மூன்று வாக்கியங்களைச் சொல்லுங்கள்: “கைகளைத் தூக்காதே. தலையைப் பின்னால் சாய். மூச்சை நெஞ்சில் வை.” தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது. எனினும் பாடம் முடிவதற்குள் அதைச் சொல்லிவிடுங்கள்.